ஐந்தாம் நாள் மைதானத்தில் நீ இல்லை

பிரிட்ஜ்டவுன்
ஞாயிறு மாலை

அன்பு மகன் ஜெரோனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். துபாயில் நீ எப்படி இருக்கிறாய் என்பதை டிவியில் உன் ஆட்டத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது, வேளாவேளைக்கு ஒழுங்காகச் சாப்பிடு. உன் தங்கை ஷாண்டெல்லுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. நீ அனுப்பிய பணத்தில் கூரை மாற்றியாகிவிட்டது, போன வார மழைக்கு ஒரு சொட்டு ஒழுகவில்லை.

டெஸ்ட் மேட்ச் நேற்று முடிந்தது. தேர்வுக்குழு கூப்பிட்டும் நீ அங்கே இருபது ஓவர் லீக்தான் என்று சொல்லிவிட்டாய், அதில் இப்போது எனக்குக் கோபமில்லை, ஆனால் வருத்தமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஐந்து நாளும் அடுப்பில் சுட்ட மக்ரோனி பையும் பறவைக்கோலா மீன் வறுவலும் கட்டிக்கொண்டு போனோம். கடைசி நாள் மத்தியானம் எதிரணிக்கு மூன்று விக்கெட்தான் மிச்சம், பிட்ச் வெடித்துக் கிடக்கிறது, பந்தைத் திருப்பத் தெரிந்த இடது கைக்காரன்தான் நம்மிடம் இல்லை. எங்களுக்குப் பின்வரிசையில் இருந்த கிளைட் மாமா சும்மா இருப்பாரா, "ஏம்ப்பா வின்ஃபீல்ட், ஒம் மவன் அங்க நாலு ஓவர் போட்டுட்டு நீச்சல் குளத்துல கெடக்கான், இங்க நம்ம பயலுவ நாக்குத் தள்ளிக் கெடக்கானுவ" என்றார் அப்பாவிடம் சத்தமாக. எல்லாரும் சிரித்தார்கள். அப்பா கையிலிருந்த ஆரஞ்சை விரல்களுக்கிடையில் சுழற்றிக்கொண்டே இருந்தார், உரிக்கவேயில்லை. எதிரணிக்காரர்கள் கட்டை போட்டே பொழுதை ஓட்டினார்கள், மேட்ச் டிரா.

வீட்டுக்கு வந்து நான்தான் உன்னைச் சொல்லிப் பொரிந்து தள்ளினேன். அவரோ, "அவனக் கொற சொல்லாத மார்வா, இந்த ஆட்டம் வருசத்துக்கு ரெண்டோ மூணோ, அத நம்பி எவன் குடும்பம் நடத்துவான்?" என்றார். அடுத்த வருடம் நம் மைதானத்துக்கு டெஸ்டே கிடையாதாம், இருபது ஓவர் ஆட்டம் மூன்றுதானாம். அது லீக் இல்லாத மாதம், நீயும் ஆட வருவாய், அந்த ஆட்டங்களுக்கு டிக்கெட் எடுக்கலாமா என்றேன். "எடு. ஆனா நான் சாப்பாட்டு டப்பாவத் தொறக்குறதுக்குள்ள அவன் போட்டு முடிச்சிருவான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை ஜெரோன், எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

உனக்கும் முப்பத்தொன்று ஆகிறது. இனி டெஸ்டுக்குக் கூப்பிடுவார்களா, கூப்பிட்டாலும் அந்த ஆட்டம் இருக்குமா, தெரியவில்லை. நீ வெள்ளைச் சட்டையில் ஒரு நாள் முழுக்கப் பந்து போடுவதை அவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான்.

கர்த்தர் உன் தோளையும் விரல்களையும் காக்கட்டும். ஜெபத்தை விடாதே, அப்பாவுக்குப் போன் செய். இன்னொன்று, நீ எந்தப் பக்கத்திலிருந்து பந்து போடுவாய் என்று முன்கூட்டியே கேட்டு அவருக்குச் சொல்ல வேண்டுமாம், அதற்கு நேரெதிரே இடம் எடுக்கச் சொல்கிறார். நான்கு ஓவரில் ஒரு பந்தைக்கூட விட்டுவிடக் கூடாதாம்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா மார்வா