துதிக்கை இல்லாத லை

12 செப்டம்பர் 2025, வெள்ளி

நோயாளியின் வாயில் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஏலத்தைத் தோற்றேன்.

பேனா ஏலக் குழுவில் இன்று ஒரு நீலாம்பரி வந்தது. மெட்ராசில் அந்தக் காலத்தில் கையால் கடைந்த எபோனைட் பேனா. கம்பெனி மூடி எத்தனையோ வருஷமாகிறது. கறுப்பு உடம்பில் சிவப்பு அலை அலையாக ஓடுகிறது. மேலே, ‘அண்ணாமலை, 1951’ என்று பேர் வெட்டியிருக்கிறது. விற்பவர் தன்னை ‘பழம்பேனா பிரியன்’ என்று சொல்லிக்கொள்பவர். குழுவில் அவருக்குக் கோயில் கட்டாத குறைதான்.

கையுறையைக் கழற்றிவிட்டு வந்து பார்த்தால், குழுவை நடத்தும் எழில் தட்டிக்கொண்டு போய்விட்டார். திண்டிவனத்துக்காரர், பாலிடெக்னிக் ஆசிரியர். நேரில் பார்த்ததில்லை. இன்று அவரைப் பிடிக்கவும் இல்லை.

17 செப்டம்பர்

எழில் அந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம் போட்டிருக்கிறார். பேனாவை மட்டும் எடுத்தால் போதாதா? பல்வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. அதற்காக?

21 செப்டம்பர், ஞாயிறு

மகாளய அமாவாசை. அம்மாவோடு மேல்மலையனூர். கூட்டம் இன்னா கூட்டம்! வரிசை நகரவே இல்லை. பக்கத்துச் சுவரில் ஒரு உபயக் கல். போரடிக்கவே அதைப் படித்தேன். ‘ஏழுமலை குடும்பத்தார் உபயம், 1962.’

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மறுபடி பார்த்தேன். அந்த ‘லை’! இப்போது எழுதுகிற மாதிரி முன்னால் இரட்டைச் சுழி இல்லை. ல-வின் தலையில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு. பழைய எழுத்து. எழுபத்தெட்டில் சர்க்கார் மாற்றுகிற வரைக்கும் அச்சிலும் கல்லிலும் அப்படித்தான்.

அப்படியானால் 1951-ல் வெட்டிய ‘அண்ணாமலை’யில் துதிக்கை எங்கே?

வரிசையில் நின்றபடியே போனில் படத்தைப் பெரிதாக்கினேன். இரட்டைச் சுழி. பக்காவான இரட்டைச் சுழி. ‘ணா’வும் புது எழுத்து. என்னை அறியாமல் கத்திவிட்டேன் போல. “சாமி வந்துட்டுதா இன்னாடி?” என்று அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் நின்ற பெண் கையெடுத்துக் கும்பிட்டே விட்டாள்.

22 செப்டம்பர்

குழுவில் போடவில்லை. எழிலுக்கு மட்டும் தனியாக எழுதினேன்.

பதில் வந்தது: “டாக்டர், அந்தக் காலத்துலயே சுயமரியாதைக்காரங்க இப்படித்தான் எழுதுனாங்க. அண்ணாமலையும் அப்படிப்பட்ட ஆளா இருந்திருக்கலாம். தோத்த கோபத்துல ஒருத்தரோட பேரைக் கெடுக்காதீங்க.”

தோத்த கோபமாம்! ஆனால் அவர் சொல்வதும் சரிதானே? அப்போதே அப்படி அச்சடித்த பத்திரிகைகள் இருந்தன. நான் ஏன் அதை யோசிக்கவில்லை? வெண்மதி, நீ அவசரக்குடுக்கை.

23 செப்டம்பர்

இல்லை. அவசரக்குடுக்கை இல்லை.

அந்த ஆள் முன்பு விற்ற பேனாக்களின் படங்களையெல்லாம் தோண்டி எடுத்தேன். ஆரணியில் ஒருவர் பேர், கடலூரில் ஒருவர் பேர், வேறு வேறு வருஷம். எல்லாவற்றிலும் 9-இன் வால் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. ஊர் ஊராக, வருஷம் வருஷமாக, ஒரே கையா வெட்டியது? ஒரே மிஷினா?

எழிலுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டார்.

27 செப்டம்பர், சனி

வந்துவிட்டார்! பஸ் பிடித்து, பேனாவைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, நேராகக் கிளினிக்குக்கே.

“தப்புன்னா என் கண்ணு முன்னாடி நிரூபிங்க. சரின்னா ஒரு சாரி சொல்லுங்க” என்றார்.

எபோனைட் என்பது கந்தகம் கலந்து இறுக்கிய ரப்பர். அந்தக் காலத்துப் பல் செட்டே அதில்தான் செய்தார்கள். இப்போது பல் செட் செய்வது அக்ரிலிக் பிளாஸ்டிக்கில். இரண்டையும் ராவினால் வருகிற வாடை வேறு வேறு. கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லிவிடுவேன். மூடிக்கு உள்பக்கம், வெளியே தெரியாத இடத்தில் லேசாக ராவலாமா என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு பேனாவை நீட்டினார்.

நாற்காலியில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஜகபர் அலி பாய் எட்டிப் பார்த்தார். “இன்னா டாக்டரம்மா, அந்தப் பேனாவுக்கும் சொத்தையா?”

மிஷினை வைத்தேன். ஒரு நொடிதான். கந்தகமும் இல்லை, ரப்பரும் இல்லை. தித்திப்பாக மூக்கில் ஏறுகிற அந்த வாடை. நான் தினமும் முகர்கிற வாடை. ஒரு புதுப் பல் செட்டையும் ராவி எழிலிடம் நீட்டினேன். இரண்டையும் முகர்ந்தார்.

“ஒண்ணுதான்” என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று குதிக்க வேண்டியவள்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. “எத்தினி பேரு என்னை நம்பி வாங்கியிருக்காங்க தெரியுமா? நான்தான் அந்தாளைக் குழுவுக்கே கூட்டியாந்தேன்.”

உடனே எல்லாவற்றையும் குழுவில் போட்டுவிடுகிறேன் என்று போனை எடுத்தார். தடுத்துவிட்டேன். எழுத்தைச் சொன்னால் அடுத்த பேனாவில் எழுத்தைத் திருத்திவிடுவான். வாடையைச் சொன்னால் எபோனைட்டிலேயே கடைவான். எதையும் சொல்லாமல் மாட்ட வைக்க வேண்டும்.

எப்படி?

28 செப்டம்பர்

எப்படி என்று காலையில் பல் தேய்க்கும்போது வந்தது!! எழிலுக்குப் போன் செய்தேன். “இல்லாத ஒண்ணைக் கேப்போம். இருக்குதுன்னு கொண்டாந்தான்னா?”

சிரித்தார் பாருங்கள், ஐந்தாம் வகுப்புப் பையன் மாதிரி.

ஹபீபாவைப் பிடித்தேன். என் பள்ளித் தோழி, இப்போது கணக்கு டீச்சர். பேனாவே பிடிக்காது, நான்தான் அவளைக் குழுவில் சேர்த்துவிட்டேன். அவள் பேரில் அந்த ஆளுக்குச் செய்தி போனது: ‘தளவானூர் கலை மன்றம் 1949-ல் பரிசாகக் கொடுத்த பேனா ஒன்று வேண்டும். மன்றத்தின் பேர் வெட்டியிருக்குமாம். கிடைத்தால் சொல்லுங்கள், என்ன விலையானாலும் சரி.’

அப்படி ஒரு மன்றமே இல்லை. நாங்கள் வைத்த பேர்.

“கணக்கு டீச்சரைப் பொய் சொல்ல வெச்சிட்ட” என்றாள் ஹபீபா. “ஆனா ஜாலியா இருக்குதுடி.”

5 அக்டோபர், ஞாயிறு

திடீரென்று பயம் வந்துவிட்டது. நிஜமாகவே அப்படி ஒரு மன்றம் இருந்திருந்தால்? எழில் பைக்கில் வந்தார். தளவானூருக்கே போய் விசாரித்தோம். ஊர்ப் பெரியவர் ராஜாராம், மாட்டைக் கட்டிக்கொண்டே சொன்னார்: “கலை மன்றமா? எங்க அப்பா காலத்துலருந்து எனக்குத் தெரியும். இங்க கபடி டீம்தான் இருந்துது. அதுவும் தோத்துக்கினே இருக்கும்.”

அப்பாடா. குகைக் கோயில் நிழலில் உட்கார்ந்து கொய்யாப்பழம் சாப்பிட்டோம். பேனாவைப் பற்றித்தான் பேசினோம். பெரும்பாலும்.

9 அக்டோபர், வியாழன்

வந்துட்டுது!! வந்துட்டுது!!

‘அரிய நீலாம்பரி. தளவானூர் கலை மன்றம், 1949. ஞாயிறு மாலை ஏலம்.’ படத்தோடு போட்டிருக்கிறான். கலையில் அதே இரட்டைச் சுழி. 9-இல் அதே வழுக்கல். கிளினிக்கில் தனியாக ஒரு ஆட்டம் போட்டேன். நர்ஸ் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

ஹபீபா போனில் கத்துகிறாள்: “அடியே, நாம பெத்த மன்றம்டி அது!”

12 அக்டோபர், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஏலம் தொடங்கும் முன் எழில் பொதுவில் கேட்டார்: “ஐயா, அருமையான பேனா. எங்க கெடச்சுது?”

அவன் உடனே பதில் போட்டான். தளவானூரிலேயே, மன்றச் செயலாளரின் வீட்டில், அவருடைய மருமகள் கையால் வாங்கினானாம். அந்த வீட்டில் மோர் கூடக் கொடுத்தார்களாம்!

பிறகு ஹபீபா தான் அனுப்பிய செய்தியைத் தேதியோடு படமெடுத்துப் போட்டாள். கீழே ஒரே வரி: ‘இந்த மன்றம் ஒருபோதும் இருந்ததில்லை. பேர் வைத்தது நாங்கள்.’

உடனே யாரோ எழுதினார்: ‘அப்ப மோர் குடுத்தது யாரு?’

அவ்வளவுதான். சிரிப்பும் திட்டும் கொட்டுகிறது. அவன் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டான். எழில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு, முதலில் சந்தேகப்பட்டது நான்தான் என்றும் சேர்த்து நீளமாக எழுதினார். தன்னை நம்பி வாங்கியவர்களுக்காக, தானே முன்னால் நின்று புகார் கொடுப்பதாகச் சொன்னார்.

முதலில் எப்படிச் சந்தேகம் வந்தது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சொல்லவில்லை. நானும் அவரும் ஹபீபாவும் வாயைத் திறப்பதில்லை என்று பேச்சு.

13 அக்டோபர்

கிளினிக் நம்பருக்கு ஒரு போன். நிதானமான குரல். “மேடம், பழம்பேனா பிரியன் பேசுறேன். சண்டைக்கு வரல. எதுல கண்டுபுடிச்சீங்கன்னு மட்டும் சொல்லுங்க. சொன்னா நான் திருத்திக்குவேன்.”

“எதைத் திருத்திக்குவீங்க? உங்களையா, பேனாவையா?”

வைத்துவிட்டான்.

8 நவம்பர், சனி

எழில் வந்தார். பல் சுத்தம் பண்ண வேண்டுமாம். பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் சுத்தம் பண்ணி அனுப்பினேன்.

22 நவம்பர்

மறுபடி வந்தார். இந்த முறை பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

25 ஜனவரி 2026, ஞாயிறு

எழிலும் அவருடைய அம்மா செல்லம்மாளும் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலில் நைனா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் கேசரி. செல்லம்மாள்தான் ஆரம்பித்தார்: “எம் புள்ளைக்குப் புடிச்சிருக்குதாம். பொண்ணும் ஒரு வார்த்தை சொல்லிட்டா...”

அந்த நேரம் பார்த்து என் போனும் எழிலின் போனும் ஒன்றாக ஒலித்தன. குழுவில் புதிதாக ஒருவர்: ‘நீலாம்பரி. திருமலை, 1953.’ நான் படத்தைப் பெரிதாக்கினேன். எதிரே அவரும் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். இரட்டைச் சுழி. ஒரே சமயத்தில் நிமிர்ந்தோம். ஒரே சமயத்தில் இல்லை என்று தலையாட்டினோம்.

அம்மா கையிலிருந்த தட்டு சரிந்தது. “ஏண்டி தலைய ஆட்டுற? புடிக்கலையா?” செல்லம்மாள் மகனைப் பார்த்தார். “நீயும் இன்னாத்துக்குடா ஆட்டுற? நீதானே இட்டாந்த?”

“ஐயோ, அது பேனாவுக்கு அத்தே” என்றேன். அத்தே என்று வாயில் வந்தபிறகுதான் எனக்கே உறைத்தது.

நைனா பேப்பரால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.