வாசுகியின் பவளத்துக்கு வந்த நோய்

9 ஏப்ரல் 1983, சனி

காலையிலிருந்தே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பதினொன்றுக்குப் போன கரண்ட் மூன்றரைக்குத்தான் வந்தது. தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. ஈரத்துண்டு போர்த்தி, பனை விசிறியால் வீசி, 29-க்குக் கொண்டுவந்தேன். தோள்பட்டை விட்டுப் போச்சு. நான் குடித்தது வெந்நீர்.

வாசுகி இந்த வாரமும் வரவில்லை. ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் படகில் போய் ஏதோ சர்வே. முடிந்தால்தான் லீவாம். அவளைப் பார்த்து இன்றோடு முப்பத்தெட்டு நாள். கல்யாணம் ஆனவன் என்று ரேஷன் கார்டில்தான் இருக்கிறது.

அவள் கடலிலிருந்து கொண்டுவந்து இந்தத் தொட்டியில் விட்டுப்போன பவளம் சரியில்லை. விளக்கை அணைத்தால் மேலெல்லாம் வாய் வாயாகத் திறந்து, நூல் மாதிரி கை நீட்டும். இன்று ஒன்றுகூட நீட்டவில்லை. இடது ஓரத்தில் நகமளவு வெள்ளை. தோல் உரிந்து எலும்பு தெரிகிறது. கடல் பிராணி மதுரையில் ஒரு வருஷம் உயிரோடு இருந்தால், மிச்ச ஆராய்ச்சியை இங்கே காலேஜிலேயே செய்யலாம் என்று அவள் புரொபசர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஏழு மாதம் ஆச்சு. இன்னும் ஐந்து. அதற்குள் இது மண்டையைப் போட்டால் என் கதி?

10, ஞாயிறு

சந்தேகங்கள்:
சூடு. ஆனால் பிப்ரவரியிலேயே வாட்டமாக இருந்த மாதிரி ஞாபகம். சூடு மட்டும் இல்லை.
காற்று மோட்டார். ஓடுகிறது. கரண்ட் போனால் நான் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றுகிறேன்.
உப்பு. அவள் கொடுத்த கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தேன். கோடு சரி.
பக்கத்து வீட்டுச் சாம்பிராணி. போய்ச் சொன்னேன். கல்லுக்கு மூச்சு முட்டுதா தம்பி என்று கேட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டேன்.
கொசு மருந்து. அடிக்க ஆள் வந்தே ஆறு மாதம்.

தொட்டியில் கூட இருக்கிற ஆரஞ்சு மீன் இரண்டும் ஜோராக இருக்கின்றன. கை வைத்தால் கடிக்க வருகின்றன. கொழுப்பு.

11, திங்கள்

தொட்டி நத்தை நாலில் மூன்று மல்லாந்து கிடந்தன. நாற்றம். எடுத்துப் போட்டேன்.

அவளுக்கு எக்ஸ்பிரஸ் தபால். வெள்ளை எத்தனை விரல், எந்தப் பக்கம், மீன் எப்படி, நத்தை எப்படி, எல்லாம் வரிசையாக. கடைசியில் என்னைப் பற்றியும் நாலு வரி எழுதினேன். சாப்பாடு இறங்கவில்லை, வீடு வீடாக இல்லை என்று. படித்துப் பார்த்ததும் வெட்கமாகப் போய், வேறு தாளில் நத்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

ஆபீசில் சண்முகத்திடம் சொன்னேன். ராமேஸ்வரத்தில் இதே மாதிரி இன்னொன்றை வாங்கிப் போட்டுவிடச் சொன்னான். "அம்புட்டும் ஒண்ணு போலத்தான் மாப்ள இருக்கும். யாரு கண்டுபுடிக்கப் போறா?" வாசுகி கண்டுபிடிப்பாள். என் சட்டையில் பித்தான் மாறியதையே கண்டுபிடித்தவள்.

14, வியாழன்

சித்திரை ஒன்று. ஆபீஸ் லீவு. தெப்பக்குளம் வறண்டு, உள்ளே கிரிக்கெட். ஒருவேளை கிளம்பி வந்துவிடுவாளோ என்று வீட்டைக் கழுவினேன். சேமியா பாயசம் வைத்தேன். ஒரு ஆளுக்கு எவ்வளவு வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

மண்பானை ஜனவரியில் விரிசல் விட்டதிலிருந்து குடிதண்ணீர் செப்புத் தவலையில்தான். அவள் அம்மா வீட்டுச் சீர். வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறேன். இன்றும் தேய்த்தேன், தங்கம் மாதிரி ஆனது. ராத்திரி முழுக்க அதில் கிடந்த தண்ணீருக்கு ஈடு கிடையாது. தொட்டியில் வற்றுகிற தண்ணீருக்கும் தினம் அதிலிருந்துதான் இரண்டு சொம்பு. சீக்காளிக்கு நல்லதாகக் கொடுக்க வேண்டாமா.

பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். வரவில்லை. பவளம் பாதி வெள்ளை.

15, வெள்ளி

கடிதம் வந்தது. இரண்டு பக்கம். கடைசிப் பத்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்: "மீன் நல்லா இருந்து, நத்தை செத்து, பவளமும் உரிஞ்சா அது சூடு இல்லைங்க. தண்ணியில உலோகம் கலந்திருக்கு. அநேகமா செம்பு. மீன் தாங்கும், மத்ததுக்கெல்லாம் விஷம். நீங்க எந்தப் பாத்திரத்துத் தண்ணிய ஊத்துறீங்க?"

தவலையை எடுத்து வாசலில் கவிழ்த்தேன். மூன்று மாதமாக, தினம் இரண்டு சொம்பு விஷம். அதுவும் புளி போட்டுத் தேய்த்து.

கேன்களில் மிச்சமிருந்த கடல் தண்ணீர் முழுவதையும் ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றினேன். தபாலாபீசுக்கு ஓடி டிரங்க் கால் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்துக் கிடைத்தது. சொன்னேன். எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டாள். பிறகு, "ஞாயித்துக்கெழம வாரேன்" என்றாள்.

பவளம் சாகிறது. நான் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். சீ, என்ன பிறவி.

17, ஞாயிறு

காலை வண்டியில் வந்தாள். வெயிலில் கறுத்து, மெலிந்து. முதலில் தொட்டியைப் பார்த்தாள், பிறகுதான் என்னை. பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு வாயாக எண்ணினாள். கால்வாசி உயிரோடு இருக்கிறதாம். திட்டவே இல்லை. திட்டியிருக்கலாம்.

மத்தியானம் ரசம் வைத்தாள். மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

புரொபசரிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். நடந்ததைத்தான் சொல்ல வேண்டும் என்றாள். மதுரைக்கு வருவது இனி இல்லை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடலில் விட்டால் தேறினாலும் தேறும் என்று பவளத்தை வாளியில் எடுத்துவைத்தாள்.

சாயங்கால பாசஞ்சர். வாளி அவள் மடியில். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வண்டி கிளம்பும் நேரத்தில் சொன்னாள்: "ஏழு மாசமா இத இங்க வாழவைக்கப் பாத்தோம். நீங்க அங்க வந்து இருக்க முடியுமான்னு ஒரு நாளாச்சும் பேசினோமாங்க?"

பதில் சொல்வதற்குள் பிளாட்பாரம் தீர்ந்துவிட்டது.

18, திங்கள்

மேகமூட்டம். ராமநாதபுரம் ஆபீசுக்கு மாற்றல் கேட்டு மனு எழுதினேன். காரணம் என்ற இடத்தில் எல்லோரும் தாயாருக்கு நோய் என்றுதான் எழுதுவார்கள். எனக்குத் தாயார் இல்லை. மனைவி மண்டபத்தில் இருக்கிறாள் என்று எழுதினேன்.

ஹெட்கிளார்க் இரண்டு தரம் படித்தார். "ஏன்யா, இதெல்லாம் ஒரு காரணமா? வேற ஏதாச்சும் எழுது."

"வேற இல்ல சார்" என்றேன்.