நேராக நின்ற அளவுகோல்

கத்தானியா
14 ஜனவரி 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். எனக்குப் பெருமை தராததையும் விடாமல் எழுதுவேன்.

நான் நலம். லத்தீனில் வகுப்பிலேயே முதல். அம்மா எப்படியிருக்கிறாள் என்று கேட்டிருந்தீர்கள். அதை மிரெல்லாவிடம் கேட்பதுதான் சரி.

மிரெல்லா ஸ்பாதாரோ, பல்கலைக்கழகத்தில் அம்மாவிடம் கணித ஆராய்ச்சி செய்ய ரகூசாவிலிருந்து வந்தவள். தினமும் மாலையில் நம் சமையலறைக்கு வந்து, பால்கனிப் பக்க நாற்காலியில், அதாவது உங்கள் நாற்காலியில், உட்காருகிறாள். அம்மா அவளை "கண்ணு" என்கிறாள். என்னை "ஓர்சொலா" என்று முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். ஆரஞ்சை உரித்துச் சுளை சுளையாக அவள் பக்கம் நகர்த்துகிறாள், அவளும் சமையலறைச் சுவரில் இருக்கும் கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் தின்கிறாள். எனக்குக் கை இருக்கிறதாம், நானே உரித்துக்கொள்ளலாமாம்.

அவர்கள் செய்வது இதுதான். ஓர் அளவுகோலை இரண்டு முனையிலும் பிடித்து அழுத்தினால் வளைகிறதல்லவா, அந்த வளைவுக்கு ஒரு சமன்பாடு உண்டு. அது எளிதில் பிடிபடாத சமன்பாடு. அதனால் எல்லா வளைவுகளையும் ஒரு மலைநாடு போலப் பரப்பிவைத்து, ஒவ்வொன்றின் ஆற்றலையும் உயரமாகக் கொண்டு, மிக ஆழமான பள்ளத்தைத் தேடுகிறார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் நிற்கும் வளைவுதான் தீர்வு. பள்ளத்துக்கு அடி உண்டு என்று நிரூபித்துவிட்டால் போதும், அது எந்த வளைவு என்று சொல்ல வேண்டியதில்லை. "இருக்குன்னு தெரிஞ்சா நிம்மதியாத் தூங்கலாம்" என்கிறாள் மிரெல்லா.

அப்பா, நான் ஜெனோவாவுக்கு வந்து உங்களோடு இருக்கட்டுமா? இங்கே அம்மாவுக்கு ஒரு மகள் போதும் போலிருக்கிறது.

உங்கள் அன்பு மகள்
ஓர்சொலா

ஜெனோவா
23 ஜனவரி 1987

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைக் கப்பல் பட்டறைக்கே எடுத்துப்போய் இரண்டாம் முறையும் படித்தேன். லத்தீனுக்கு என் வாழ்த்து. என் மூளை உனக்கு வரவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

வா. துறைமுகம் பார்த்த அறை காலியாகத்தான் இருக்கிறது. ஈஸ்டருக்கு நானே வந்து அழைத்துக்கொள்கிறேன்.

அந்தக் கரும்பலகையைச் சுவரில் மாட்டியவன் நான்தான், தெரியுமா? கல்யாணமான புதிதில் உன் அம்மா கேட்டாள் என்று பாத்திர அலமாரியைக் கழற்றிவிட்டு மாட்டினேன். அதற்குப் பிறகு அவள் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். அந்தப் பெண் இரவுச் சாப்பாட்டுக்கும் இருந்துவிடுகிறாளா? உன் அம்மா அவளிடம் சிரித்துப் பேசுகிறாளா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அப்பா
கஸ்பாரே

கத்தானியா
20 பிப்ரவரி 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

இரவுச் சாப்பாட்டுக்கு இருக்கிறாள். அம்மா சிரிக்கிறாள். உள்ளதைத்தானே எழுத வேண்டும்.

நேற்று மிரெல்லா கருத்தரங்கில் பேசினாள். பீசாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். பள்ளி விட்டதும் அம்மாவுக்காகக் காத்திருக்கும் கடைசி பெஞ்சில் நானும் வழக்கம்போல் இருந்தேன். பள்ளத்துக்கு அடி உண்டு என்று மிரெல்லா அழகாக நிரூபித்தாள். "ஆகவே வளைந்த வடிவம் ஒண்ணு கட்டாயம் இருக்கு" என்று கோடிட்டு முடித்தாள். அம்மாவின் முகம் பூத்திருந்தது. நான் லத்தீனில் முதலாக வந்தபோது அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

நான் கை தூக்கினேன்.

"அளவுகோல் வளையாம நேராவே நின்னாலும் உங்க சமன்பாடு சரியா வருதே. பள்ளத்தோட அடியில இருக்கறது அந்த நேரானதாவே இருந்துட்டா?"

பீசாக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பாப்பா கேக்கறது நியாயம்தான்" என்றார். மிரெல்லா தான் கோடிட்ட கடைசி வரியைத் திரும்பிப் பார்த்தாள். வளைவைப் பூச்சியமாகப் போட்டால் கிடைக்கும் வெறும் நேர்க்கோடு யாருக்கும் தெரிந்ததுதான். அதைக் கண்டுபிடிக்கவா இவ்வளவு பாடு? அம்மா மிரெல்லாவைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள்.

இங்கே பேசியவர்தான் எல்லோரையும் எதிர்க்கடைக்குக் கூட்டிப்போய் உபசரிக்க வேண்டும், அது வழக்கம். மிரெல்லா அதில் குறை வைக்கவில்லை. எனக்கும் சூடாக ஓர் அரான்சீனி வாங்கிக் கையில் கொடுத்தாள். அந்தப் பொரித்த சோற்று உருண்டையில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைக் காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்னும் ஒன்று எழுத வேண்டும். அந்தக் கேள்வி எனக்கு நேற்றுத் தோன்றியதல்ல. போன வாரமே, சமையலறையில் அளவுகோலை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோதே தோன்றியது. கருத்தரங்குக்காகப் பத்திரமாக வைத்திருந்தேன்.

ஓர்சொலா

ஜெனோவா
2 மார்ச் 1987

அன்பு மகளுக்கு,

படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரனிடம் என் மகளின் கெட்டிக்காரத்தனத்தைச் சொன்னேன். இங்கே எஃகுத் தகட்டை இரு பக்கமும் அழுத்தினால், ஓர் அளவு வரை நேராகவே நின்று, பிறகுதான் சட்டென்று மடங்கும். நேரானதை மறந்த பொறியாளன் வேலையில் நிலைக்க மாட்டான்.

ஆனால் வீட்டுக்குப் போன பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. சமையலறையிலேயே சொல்லியிருக்கலாமே, ஓர்சொலா. எல்லோரும் பார்க்கும்போது அவள் தலை கவிழ வேண்டும் என்று நினைத்தாய், இல்லையா? எனக்கு அது புரிகிறது. எனக்குப் புரிகிறது என்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். உன் அம்மா என்ன சொன்னாள்?

அப்பா

கத்தானியா
15 மார்ச் 1987

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மா சொன்னதைக் கீழே எழுதுகிறேன். கருத்தரங்குக்குப் பிறகு மிரெல்லா வருவதை நிறுத்தியிருந்தாள். அவளை ஒரு வருடம் பீசாவுக்கு அழைத்துக்கொள்ளத்தான் அந்தப் பேராசிரியர் வந்திருந்தாராம். நிரூபணத்தைச் சரிசெய்து அனுப்பினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் தானாகவே இந்த வீட்டை விட்டுப் போயிருப்பாள். நானே பிடித்து நிறுத்திவைத்திருக்கிறேன்.

நேற்று மாலை வந்தாள். வந்ததும் நேராக என்னிடம்தான் வந்தாள்.

"அன்னிக்கு சமையலறையில அளவுகோலை வளைச்சப்பவே நீ சொல்லியிருந்தா, உனக்கு வாங்கின அரான்சீனி எனக்கு மிச்சமாயிருக்கும்டி குட்டி."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய் எடுத்தேன். அதற்குள் என் பெட்டியிலிருந்து அளவுகோலை எடுத்துக்கொண்டு கரும்பலகைக்குப் போய்விட்டாள். நேரானது அந்த மலைநாட்டில் தரை மட்டத்தில் இருக்கிறது. போதிய அளவு அழுத்தினால், லேசாக வளைந்த ஒரு வடிவம் தரைக்குக் கீழே இறங்குகிறது. "ஒண்ணே ஒண்ணு கீழ இருந்தா போதும். எல்லாத்துலயும் ஆழமானது அதுக்கும் மேல இருக்க முடியாதே. அப்ப அது நேரானது இல்ல" என்றாள். இரண்டே வரி. இதற்காகவா அத்தனை நாள் வராமல் இருந்தாள் என்று தோன்றியது. சரியாக இருக்கிறதா என்று என்னைத்தான் கேட்டாள். சரியாகத்தான் இருந்தது. அதுவும் எனக்குக் கசந்தது.

அம்மா இரண்டு வரியையும் நிதானமாகப் படித்தாள். பிறகு, கரும்பலகையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அவ மட்டுமா, நானும்தான் பாக்கல. நேரா நிக்கறது எப்பவும் அங்கேயே இருக்கு. அது இருக்குன்னு யாரும் நிரூபிக்க வேண்டியதில்ல. அதனாலயே அதைப் பார்க்கணும்னு தோணறதில்ல."

அளவுகோலைச் சொன்னாளா, வேறு யாரையாவது சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தாள். இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை மிரெல்லா பக்கமும் ஒரு பாதியை என் பக்கமும் நகர்த்தினாள். எது பெரிய பாதி என்று பார்த்தேன். உள்ளதை எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். பெரிய பாதி அவளுக்குத்தான் போயிற்று.

அப்பா, நான் ஜெனோவாவுக்கு வரவில்லை. வெள்ளையடித்த அறைக்கு என்னை மன்னியுங்கள். பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம், அது அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நான் எழுந்து வந்துவிட்டால் மேசை முழுவதும் அவளுக்காகிவிடும். நீங்கள் கரும்பலகையை மாட்டிக் கொடுத்துவிட்டு, அதனோடு கோபித்துக்கொண்டு எழுந்து போனீர்கள். கரும்பலகை இருந்த இடத்தில்தான் இருக்கிறது. நான் உட்கார்ந்தே கோபித்துக்கொள்கிறேன்.

ஈஸ்டருக்குக் கட்டாயம் வாருங்கள், என்னை அழைத்துப்போக அல்ல. உங்கள் நாற்காலியிலிருந்து அவளை எழுப்புவது என் பொறுப்பு.

மிரெல்லா இன்றும் வந்திருந்தாள், இப்போதுதான் கிளம்பினாள். கூடத்து வெளிச்சத்தில் கடைசி வரியை எழுதுகிறேன். அம்மா கரும்பலகையை அழிக்காமலே சமையலறை விளக்கை அணைத்துவிட்டாள்.

உங்கள்
ஓர்சொலா