ரோஸ்மேரி அலங்கரித்த அறுப்புப் பண்டிகை மேசை

அன்புள்ள மகள் ஜெபசீலிக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நாங்கள் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசினால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம். பக்கவாதம் வந்து பத்து மாதமாகியும் அவள் வலது கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தது உனக்குத் தெரியும். பழக்காவிட்டால் விரல்கள் அப்படியே மடங்கி நின்றுவிடும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தை எடுத்து நீட்டினால் சண்டைதான்.

போன சனிக்கிழமை மத்தியானம் அறுப்பின் பண்டிகைக்குக் காய்கறி கொடுக்கக் கோவிலுக்குப் போனோம். ஆளாளுக்குக் கொண்டுவந்ததை முன்மேசையில் சந்தை மாதிரிக் கொட்டியிருந்தார்கள். பெஞ்சில் இருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை, "ஷேடு கலந்து கெடக்கே, இப்படியா வைப்பாவ" என்று எழுந்துவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள், ஒரே பனியனில் கைக்கும் உடம்புக்கும் நூலளவு நிறம் மாறினாலும் ஓரமாக எடுத்துப் போடுகிறவள், விடுவாளா. பித்தளைத் தாம்பாளத்தின் நடுவே பூசணியை உட்காரவைத்து, சுற்றிலும் வெள்ளை முள்ளங்கியில் தொடங்கி சுரை, வெண்டை, பாகல் என்று பச்சையைக் கூட்டிக்கொண்டே போய், பச்சை மாறாத எலுமிச்சை, வாழைப்பழம், தக்காளி, கடைசியில் கருநீலக் கத்திரிக்காயில் கொண்டுபோய் முடித்தாள். ஒரு நிறம் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. அத்தனையும் இடது கையால். பிறகு மூலனூர் முருங்கைக்காயைச் சேர்த்து நிறுத்திக் கட்ட வேஸ்ட் துணி கேட்டாள். முடிச்சுப் போட ஒரு கை போதாதே. முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. அவளுக்கே தெரியாது மகளே. இரண்டு தரம் துணி நழுவியது, மூன்றாவது தரம் முடிச்சு விழுந்தது. நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முப்பது வருஷம் கூட வாழ்ந்தும் இவளுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, 'ரோஸ்மேரி அலங்கரித்த மேசை' என்று அம்மா பேரைச் சொல்லியே காணிக்கைக் காய்கறிகளை ஏலம் போட்டார்கள். நம் தெரு மயிலாத்தாளும் வந்திருந்தார், "ஏனுங்க, இதையப் போய்ப் பிரிச்சுக் கொழம்பு வெக்கறதுங்களா" என்று கேட்டதும் எல்லோரும் தயங்கி நின்றார்கள். அம்மாதான் சிரித்துக்கொண்டே பிரித்துக் கொடுத்தாள். காணிக்கைப் பொருளை இடது கையால் நீட்டுவாளா, ஒவ்வொரு காயையும் வலது கையாலேயே கொடுத்தாள். ஒரு தக்காளி விழுந்தது, கடைசிவரை விடவில்லை. விழுந்த தக்காளியை நான் எடுத்துத் துடைத்து மறுபடி அவள் பக்கத்தில் வைத்தேன்.

வெறும் வயிற்றோடு டியூட்டிக்குப் போகாதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. உங்கள் இருவரையும் கர்த்தர் கண்மணிபோலக் காப்பார். ஒன்றை மட்டும் மறக்காதே, கையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடாதே, கேட்டால் மறுபடி முந்தானைக்குள் போய்விடும். வீடியோவில் வரும்போது முகத்தில் விழும் முடியை எந்தக் கையால் ஒதுக்குகிறாள் என்று மட்டும் பார். கண் கலங்கினால் வெங்காயம் நறுக்கினேன் என்று சொல்லிவிடு, நானும் அன்றைக்குக் கோவிலில் கேட்டவர்களுக்கு வெங்காய மூட்டையைத்தான் கைகாட்டினேன்.

இப்படிக்கு,
உன் அப்பா சாலமோன்,
அனுப்பர்பாளையம்.