நீ சொன்னது எந்தக் காலம், நைனா?

என் நைனாவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. நீ இருக்கிற இடத்தில் யாரிடம் காட்டுவாய் என்று தெரியவில்லை, ஆனாலும் காட்டாதே. சமையல் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். வெளியே சித்தப்பா படுத்திருக்கிறார்.

நாளைக்கு அவர் என் டி.சி.யை வாங்கப் பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். கும்மிடிப்பூண்டியில் புதிதாகக் கம்பெனி கட்டுகிறார்கள். அங்கே என்னைச் சித்தாள் வேலைக்கு அனுப்பப்போகிறாராம். எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பெரிய சிஸ்டருக்குத் தமிழ் வராது. என் படிப்பைப் பற்றி நீ ஏதோ சொன்னதாக டீச்சர் அவரிடம் சொன்னாராம். "உன் அப்பா என்ன சொன்னார் என்று நீயே வந்து சொல், அதன்படி செய்கிறேன்" என்று டீச்சரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். இங்கிலீஷில் சொல்ல வேண்டும், நைனா.

ஆஸ்பத்திரியில் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "எம் பொண்ணு பதினொண்ணாவது வரிக்கும் படிக்கும்." தமிழில் எவ்வளவு சுலபம்! நீ சொன்னதை அப்படியே வைத்துப் பின்னால் 'என்று' போட்டால் போதும். இங்கிலீஷில் 'சொன்னார்' என்பதற்கு 'செட்' என்று ஆரம்பித்தாலே, பின்னால் வருவதெல்லாம் இறந்த காலத்துக்குப் போய்விடுகிறது. 'வில்' என்பது 'வுட்' ஆகிவிடும். பூமி சுற்றுகிறது என்பதை மட்டும் மாற்ற வேண்டாமாம். அது இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறதாம்.

"சொன்னவங்க செத்துட்டா, டீச்சர்?" என்று இன்றைக்கு இங்கிலீஷ் வகுப்பில் கேட்டேன்.

"ஆவி வந்து கிராமர் பேசுமாடி?" என்றாள் பக்கத்தில் இருந்த மேரி. வகுப்பே சிரித்தது. டீச்சர் பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் சித்தப்பாவும் அதையேதான் சொன்னார். "அண்ணன் சொன்னது வாஸ்தவம்தான். அது அப்போ. ஆளே பூட்டாரு, பேச்சு மட்டும் நின்னுகினு இருக்குதா?"

'வுட்' என்றால் அவர் சொல்வதுபோல முடிந்துபோன பேச்சாகிவிடாதா? 'வில்' என்று சொல்லி, பெரிய சிஸ்டர் சித்தப்பா எதிரிலேயே தப்பு என்று திருத்திவிட்டால்? இந்த இங்கிலீஷுக்கா இத்தனை படிப்பு என்று அவர் சிரித்தால்? உன்னைக் கேட்கலாமென்றால் நீயும் இங்கிலீஷ் படித்ததில்லை.

ஒன்று மட்டும் தோன்றுகிறது. நான் ஒன்பதாவதுதானே படிக்கிறேன். பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினொன்றாவது இன்னும் வரவே இல்லையே. நீ சொன்னது இனிமேல்தானே நடக்க வேண்டும்? அது எப்படி இறந்த காலம் ஆகும்?

சித்தப்பா கதவைத் தட்டுகிறார். "இன்னாடி பண்ணிகினு கீறே உள்ளே? வெளக்க அணை!"

நைனா, 'வில்' என்றுதான் சொல்வேன். திருத்தினாலும் மறுபடியும் அதையே சொல்வேன்.

உன் பொண்ணு