சந்தனம் ஒட்டிய வயர்

புக்கிட் பெலண்டோக்,
புதன்கிழமை.

அன்பு மகள் மாதவிக்கு அம்மா எழுதுவது. முனீஸ்வரர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம், ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே விடாத மழை, முறுக்கு மாவு இன்னும் காயவில்லை. போன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய், வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறதம்மா.

உன் அண்ணன் மகேந்திரன் பழைய வேனை வீடு மாதிரி ஆக்கினானே, கேஸ் அடுப்பு, பேட்டரியில் ஓடும் ஐஸ்பெட்டி எல்லாம் வைத்து, அதற்கு ஆயுத பூஜையன்று நான்தான் சந்தனம் குங்குமம் வைத்தேன். உள்ளே சாம்பிராணி காட்டியதும் தரையோரம் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. உன் அண்ணி ஷாமினி வெளியிலிருந்து, "அத்தே, அதத் தொடாதீங்க, பொக வெளிய போனா தானா நின்னுரும்லா" என்றாள். நேற்று வந்தவள் எனக்குச் சொல்வதா என்று ரோஷம். எஸ்டேட்டில் அத்தனை வீட்டுக் கடிதத்தையும் படித்துச் சொன்னவள் நான், எதையும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. பூஜை நேரத்தில் என்ன அபசகுனம் என்று அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டேன். ஐஸ்பெட்டி ஓடியது, விளக்கு எரிந்தது, அதனால் ஒன்றும் கெடவில்லை என்று இருந்துவிட்டேன்.

மறுவாரம் போர்ட்டிக்சன் கடற்கரைக்கு அதில் போய்த் தங்கினோம். காலையில் தேநீர் வைத்து இறக்கிய பிறகு கேஸ் குழாய் நழுவியிருக்கிறது. கேஸ் கனமாம், தரையில்தான் தங்குமாம். கீழே பாயில் படுத்திருந்த அண்ணனின் சின்ன மகள் தலை சுற்றி வாந்தி எடுத்தாள். நல்லவேளை, அண்ணன் ஒரு சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்து, எல்லாரையும் வெளியே இழுத்து, சிலிண்டரை மூடினான். பிள்ளை தப்பித்தாள். கசிந்தால் கத்தவேண்டிய பெட்டி ஏன் கத்தவில்லை என்று பார்த்தால் வயர் கிடக்கிறது. "போன் சார்ஜ் போடணும்னு புடுங்குனியா? புள்ள செத்திருந்தா?" என்று ஷாமினியை அத்தனை பேர் முன்னால் கேட்டான். என்னைக் கேட்டதற்கு, எனக்கென்னப்பா தெரியும் என்றேன். நீயும் போனில் அவளைத் திட்டினாய், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

நேற்றுதான் அவளிடம் சொன்னேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும் அத்தே. வயரு நுனில சந்தனம் இருந்துச்சு. அவரு பாக்குறதுக்குள்ள தொடச்சிட்டேன்" என்றாள். பதினேழு நாள் ஏச்சை வாங்கிக்கொண்டு எனக்குச் சோறும் போட்டிருக்கிறாள் மாதவி.

உங்களிடமும் அப்படி ஒரு வண்டி இருக்கிறது. ஓட்டுமுன் சிலிண்டரை மூடு, சமைக்கும்போது ஜன்னலைத் திற, அந்தப் பெட்டி எதற்குக் கத்தினாலும் வாயை அடைக்காதே. முதலில் அண்ணியைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள்.

தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருங்கள். உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்லாமல் இதைத் தபாலில் போடமாட்டேன். உன் கைக்கு இது வந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இப்படிக்கு,
தலை குனிந்த உன் அம்மா
குமுதவல்லி