நாய்க்கால் பதிந்த செங்கல்

பஞ்சாப்,
புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை, நம்மூர்ச் சோறுதான் இல்லை.

நாங்கள் சீரமைக்கும் இந்தக் கோட்டை முழுக்கப் பழைய செங்கல். நாங்கள் சுண்ணாம்பு குழைத்து அடுக்க அடுக்க, பார்க்க வருகிறவர்கள் பையில் போட்டுக்கொண்டு போகிறார்கள். நேற்று ஒருவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். விசாரித்தால் நம் ரெட்டிபாளையத்துக்காரர்!

“ஒரு கல்லுதானேம்மா! மாளிகைமேட்டுச் சோழன் அரண்மனைக் கல்லு உங்க வூட்டுல இல்லையாக்கும்?” என்றார்.

எரிச்சலில், “இல்லவே இல்லைங்க, மாதா மேல சத்தியம்” என்று சொல்லித் தொலைத்தேன். மனிதர் கல்லை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்புவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். துவைக்கிற கல்லுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறீர்களே, அந்த நாலு சோழர் செங்கல்லையும் நாளைக்கே கங்கைகொண்ட சோழபுரம் மியூசியத்தில் ஒப்படையுங்கள். அம்மா கத்தினால் கத்தட்டும்.

எலுமிச்சை ஊறுகாய் அனுப்புங்கள். வேன் வந்துவிட்டது.

அப்பா, நாலில் ஒன்றில் ஏதோ நாய் மிதித்த தடம் இருக்குமே, சின்ன வயதில் விரல் வைத்து விளையாடுவேனே, அதை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நான் வரும்வரை ஒளித்து வையுங்கள்.

உங்கள் மகள்,
ஷாலினி மேரி